மால்டா பார்க்காத பயணம்

மொன்ட்ரியால்-நோர்,
5 மார்ச் 2023

அன்பின் மச்சாளுக்கு,

நாங்கள் இங்கு சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? அனோஜினி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? போன கிழமை தொலைபேசியில் இதையெல்லாம் கேட்டேன்தான். ஆனால் அதில் நாங்கள் இரண்டு பேரும் "சுகமோ", "ஓம், சுகம்" என்பதற்கு அப்பால் போவதே இல்லை. பேனையைப் பிடித்தால்தான் எனக்கு உங்களோடு கதைக்க வருகிறது.

ஒரு புதினம். இவர் வருகிற ஆனியோடு துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். வினோஜனும் வித்தியாவும் சேர்ந்து எங்களுக்கு ஒரு கப்பல் பயணம் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். புரட்டாதியில் போக வேண்டும். மிக்கனோஸ், சந்தோரினி, றோட்ஸ், கிறீட் என்று கிரேக்கத் தீவுகள், பிறகு மால்டா, சிசிலி, நேப்பிள்ஸ், கடைசியாக ரோமாபுரி. கப்பலுக்குள்ளேயே நீச்சல் தடாகமும் நாடக அரங்கும் இருக்கிறதாம்.

பிள்ளைகள் சொன்னதும் இவர் என்ன சொன்னார் தெரியுமா? "இவ்வளவு காலமும் கப்பல்ல வந்த பெட்டியளை இறக்கினனான். இப்ப என்னையும் ஒரு பெட்டி மாதிரி ஏத்தப் போறியளோ?" வித்தியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கு முதலில் போக மனம் வரவில்லை. பிறகு ஓம் என்றுவிட்டேன்.

இங்கே இன்னும் பனி விட்டபாடில்லை. காலையில் டோர்வல் விமான நிலையத்துக்கு வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது காது விறைத்துப்போகிறது. விமானங்களுக்கு உணவுத் தட்டு அடுக்கும் நான், இனி ஒருவர் அடுக்கித் தரும் தட்டில் சாப்பிடப் போகிறேன். பதில் போடுங்கள்.

அன்பு மறவாத,
பாலாம்பிகை


கோண்டாவில்,
2 ஏப்ரல் 2023

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான், மாடிப்படி இல்லாத வீடு என்பதால் பிழைத்தேன். அண்ணைக்கு ஓய்வு கிடைக்கப் போவது பெரிய சந்தோசம். அவரை இனியாவது வெயிலில் கொஞ்சம் இருக்கவிடுங்கள்.

கப்பல் கதையை அனோஜினிக்கு வாசித்துக் காட்டினேன். "மாமி அங்க சேலையோ கவுனோ உடுக்கப் போறா?" என்று கேட்கிறாள். எனக்கும் அதே கேள்விதான். படம் அனுப்ப மறக்கவேண்டாம்.

எங்களிடமும் ஒரு புதினம் உண்டு. அனோஜினிக்கு ஒரு சம்பந்தம் சரிவரும் போலிருக்கிறது. பொடியனின் பெயர் றொசான். அவளோடு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. அவளே பார்த்த பிள்ளைதான். "அம்மா, கோவிக்காதேங்கோ" என்று தொடங்கினாள். நான் ஏன் கோவிக்கப் போகிறேன்? பிள்ளை நல்ல பணிவு. வந்த அன்றே கிணற்றடியில் கழன்று கிடந்த குழாயைப் பூட்டித் தந்துவிட்டுப் போனான்.

கப்பல் எந்த இடத்தில் இருந்து வெளிக்கிடுகிறது என்று நீங்கள் எழுதவில்லையே.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

யோகமலர்


மொன்ட்ரியால்-நோர்,
14 மே 2023

அன்பின் மச்சாள்,

எல்லோரும் நல்ல சுகம். உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்தேன். குழாய் பூட்டிய கதையைக் கேட்டதும், "அப்ப பொடியன் சரி, செய்து வையுங்கோ" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அனோஜினிக்கு எங்கள் ஆசி. அவள் பிறந்த செய்தி வந்த நாள் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. இனி அவளுக்கும் ஒரு வீடு.

உடுப்பு விசயத்தில் இங்கே பெரிய சண்டை. கப்பலில் ஓரிரு இரவுகள் கோட்டும் சூட்டும் போட்டுத்தான் சாப்பிடவேண்டுமாம். வித்தியா என்னைக் கடை கடையாக இழுத்துக்கொண்டு போய் ஒரு நீளக் கவுனைக் காட்டினாள். போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் யாரோ ஒரு வெள்ளைக்காரியின் மாமியார் நின்றாள். கழற்றிக் கொடுத்துவிட்டுப் பச்சைக் காஞ்சிபுரம் என்று முடிவு செய்தாயிற்று.

கப்பல் ஏதன்சுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் இருந்து வெளிக்கிடுகிறது.

கலியாணம் எப்போது வைக்க யோசனை? உடனே எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
பாலாம்பிகை


மொன்ட்ரியால்-நோர்,
9 ஜூலை 2023

அன்பின் மச்சாள்,

சுகமாக இருக்கிறீர்களா? ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதப்பெட்டியைப் பார்த்துப் பார்த்து வருகிறேன். அனோஜினியிடம் கேட்டால், "அம்மா நல்லா இருக்கிறா மாமி" என்கிறாள். நீங்கள் குளிக்கிறீர்கள், கோயிலுக்குப் போயிருக்கிறீர்கள், படுத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம்.

நான் ஏதும் பிழையாக எழுதிவிட்டேனா?

பாலாம்பிகை


கோண்டாவில்,
25 ஜூலை 2023

மச்சாள்,

நான் சுகம். நீங்களும் சுகமாயிருங்கள்.

ஏதன்சுக்குப் பக்கத்தில் ஓரிடம் என்று எழுதினீர்கள். அனோஜினி தன் போனில் அந்தக் கப்பல் போகும் வழியை எடுத்துக் காட்டினாள். அவள் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்க, முதல் பெயரிலேயே நான் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன்.

பிரேயஸ்.

அந்தப் பெயரை நீங்கள் எழுதாமல் விட்டது எனக்காகத்தான். தெரியும். ஆனால் அதை நான் மறப்பேனா? இவருடைய, உங்கள் தமையனுடைய கடைசிக் கடிதம் அங்கிருந்துதானே எனக்கு வந்தது. "பிறக்கிறது பெட்டை எண்டால் அனோஜினி எண்டு வை. நாங்கள் நாளைக்கோ நாளையிண்டைக்கோ வள்ளத்தில இத்தாலிக்கு வெளிக்கிடுறம்." பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகுதான் அந்தக் கடிதமே வந்தது. பெயரை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வள்ளத்தில் ஏறிய ஒருவரிடமிருந்தும் ஒரு சொல் வரவில்லை. இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான்.

இப்போது நீங்கள் அதே இடத்தில் ஏறி, அதே கடலால் இத்தாலிக்குப் போகப் போகிறீர்கள். போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். அண்ணை துறைமுகத்தில் பாடுபட்ட மனிசன். பிள்ளைகள் ஆசையாய்ச் செய்திருக்கிறார்கள். சந்தோசமாகப் போய்வாருங்கள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நீங்கள் கடலில் பூப் போட நினைத்திருப்பீர்கள். போடவேண்டாம் மச்சாள். பூப் போட்டால் முடிந்தது என்று அர்த்தம். நான் இன்னும் நெற்றியில் பொட்டு வைக்கிறேன். அவரை நீங்கள் அங்கே முடித்துவிட்டு வராதேங்கோ.

கலியாணம் தை மாதம் முடிய என்று பேசியிருக்கிறோம்.

யோகமலர்


மொன்ட்ரியால்-நோர்,
20 ஆகஸ்ட் 2023

அன்பின் மச்சாள்,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் சுகம்.

பூப் போடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

போடத்தான் நினைத்திருந்தேன். பயணத்துக்கு ஓம் சொன்னதே அதற்காகத்தான். இவரிடம்கூட நான் வாய்திறக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று வாசித்துக் காட்டினேன். "எனக்கு முதலே விளங்கினது, பாலா" என்றார்.

பாலாம்பிகை


பிரேயஸ்,
13 செப்டம்பர் 2023
(படம் போட்ட அட்டை)

அன்பின் மச்சாள்,

வந்து சேர்ந்தோம். இருவரும் சுகம். கப்பலில் ஏற முன்னர் துறைமுகத்து வீதியால் இரண்டு பேரும் நடந்தோம். அண்ணை நின்றது எந்தக் கட்டடம், எந்தத் தெரு என்று ஒன்றும் தெரியாது. எல்லாக் கட்டடத்தையும் பார்த்தேன். நாரந்தங்காய்கள் காய்த்த மரங்கள் வீதியோரம் நிற்கின்றன. வெயில் நம்மூர் வெயில் மாதிரித்தான். குளிருக்குள் நின்று கஷ்டப்பட்டிருப்பாரோ என்று இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன். இங்கே கொஞ்சம் வெயில் இருந்திருக்கிறது.

பாலாம்பிகை


நேப்பிள்ஸ்,
23 செப்டம்பர் 2023
(படம் போட்ட அட்டை)

அன்பின் மச்சாள்,

சுகமாக இருக்கிறோம். தீவுகள் நல்ல வடிவு. சந்தோரினியில் வீடுகளை மலை விளிம்பில் சுண்ணாம்பு பூசிக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறது. மால்டா பார்க்கவில்லை. வழியில் கப்பல் சுணங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் எழுதுகிறேன்.

பாலாம்பிகை


கோண்டாவில்,
11 அக்டோபர் 2023

அன்புள்ள மச்சாள்,

இரண்டு அட்டையும் ஒரே நாளில் வந்தன. பிரயாணக் களைப்பு ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது, யோசிக்கவேண்டாம்.

அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கப் போனோம். அச்சகத்துப் பொடியன் எழுதிக்கொண்டு வந்தவன், தகப்பன் பெயருக்கு வந்ததும் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். "அன்ரி, திரு எண்டு போடவோ, காலஞ்சென்ற எண்டு போடவோ?"

மச்சாள், இவ்வளவு காலத்தில் ஒருவரும் இப்படி நேரே கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றித்தான் கதைப்பார்கள். அனோஜினி என் கையைப் பிடித்தாள். "அம்மா, நீங்கள் சொல்லுறதுதான். பேர் மட்டும் போட்டாலும் காணும்." பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது இன்னும் அப்படியே கிடக்கிறது. றொசான் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம்.

கப்பல் ஏன் சுணங்கியது? அட்டையில் அந்த ஒரு வரிக்குப் பிறகு இடம் நிறைய இருந்தது. நீங்கள் எழுதவில்லை. எனக்காக எதையும் விடவேண்டாம். இந்தமுறை எல்லாவற்றையும் எழுதுங்கள்.

யோகமலர்


மொன்ட்ரியால்-நோர்,
29 அக்டோபர் 2023

அன்பின் மச்சாள்,

காய்ச்சல் முற்றாக மாறிவிட்டதா? மல்லி அவித்துக் குடியுங்கள். எனக்கும் இவருக்கும் ஒரு குறையும் இல்லை. இதைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன்.

கிறீட்டை விட்டு மால்டாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு நாள் முழுக்கக் கடல்தான். மத்தியானச் சாப்பாடு முடித்து மேல்தட்டில் இருந்தோம். எங்கள் சாப்பாட்டு மேசையில் லவாலில் இருந்து வந்த எங்கள் ஆள் ஒருவர், கிறகரி என்று பெயர், மனைவியோடு இருப்பார். நல்ல பகிடிக்காரர். அவர்களும் பக்கத்தில் இருந்தார்கள். திடீரென்று கப்பல் வேகம் குறைந்தது. ஒலிபெருக்கியில் கப்டன் கதைத்தார். அருகில் ஒரு வள்ளம் ஆபத்தில் இருக்கிறது, உதவிக்குப் போகிறோம் என்றார்.

எல்லோரும் எழும்பி ஓரத்துக்குப் போனார்கள். நானும் போனேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நீல நிறத்தில் ஒரு மர வள்ளம். மச்சாள், அதற்குள் மரம் தெரியவில்லை. ஆட்கள்தான் தெரிந்தார்கள். இயந்திரம் நின்றுபோய் அலையில் ஒரு பக்கம் சரிந்து சரிந்து எழும்பியது. எங்கள் கப்பல் காற்றுக்கு மறைப்பாகப் போய்க் குறுக்கே நின்றது. சின்னப் படகுகளை இறக்கினார்கள்.

என்னைச் சுற்றி எல்லோரும் போன்களில் படம் பிடித்தார்கள். அப்போது கிறகரி சொன்னார்: "இவங்களை ஏத்தி இறக்கி முடிய எங்கட மால்டா போச்சு."

இவர் திரும்பினார். இவர் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "கிறகரி, நீர் எந்த வழியால கனடா வந்தனீர்?"

கிறகரி கையிலிருந்த போனைக் கீழே இறக்கினார்.

"இவவின்ர தமையன் இந்தக் கடலிலதான் போனவர். இப்பிடி ஒரு வள்ளத்தில. அண்டைக்கு ஒரு கப்பலும் நிக்கேல்லை. இது நிக்குது. நிக்கட்டும்."

கிறகரியின் மனைவி முகத்தை மூடிக்கொண்டார். கிறகரி எங்கள் பக்கம் திரும்பினார். பிறகு, "நானும் கப்பல்லதான் அண்ணை வந்தனான். சாமான் அறைக்குள்ள ஒளிச்சு" என்றார். இவர் அவருடைய தோளில் கையைப் போட்டார். கடைசி ஆளை ஏற்றும்வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

ஏற்றினவர்களைக் கீழே ஒரு பக்கக் கதவால் உள்ளே எடுத்தார்கள். பெண்கள், பிள்ளைகள் முதலில். பிறகு பொடியன்கள். அதில் ஒருவன் ஏணியில் கால் வைக்க முன்னர் நிமிர்ந்து எங்கள் கப்பலைப் பார்த்தான். மாடி மாடியாய், கண்ணாடி கண்ணாடியாய் நிற்கிற கப்பலை. எந்த நாட்டுப் பிள்ளையோ தெரியாது. ஒரு முப்பது வயது இருக்கும்.

எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது. "அண்ணை!" என்று கூப்பிட்டுவிட்டேன். பெரிதாக, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி. அந்தப் பொடியன் தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினான். சிரித்தான் மச்சாள். நானும் கையைக் காட்டினேன்.

இவ்வளவு காலமும் நான் மனதுக்குள் அண்ணைக்கு வயது ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். எனக்கு நரைத்தபோது அவருக்கும் நரைக்கவைத்தேன். இவர் கண்ணாடி போட்டபோது அவருக்கும் ஒரு கண்ணாடி. எங்கேயோ ஓரிடத்தில் ஒரு கிழவராக இருந்து திரும்பி வருவார் என்று. அந்தப் பிள்ளையைப் பார்த்தபோதுதான், அண்ணை என் வினோஜனை விடவும் இளையவர் என்று எனக்கு விளங்கியது. அவர் அந்த வயதிலேயே நின்றுவிட்டார்.

பின்னேரம் கரையோரக் காவல் கப்பல் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. எல்லோரும் உயிரோடு. அதனால்தான் மால்டா பார்க்கவில்லை.

நான் பூப் போடவில்லை. தந்த வாக்குப்படி சும்மாதான் நின்றேன். இதை எழுதியதால் உங்களுக்கு நான் எதையும் முடித்துவைக்கவில்லை. அது உங்களுடையது.

உங்கள் மச்சாள்,
பாலா


கோண்டாவில்,
18 டிசம்பர் 2023

அன்புள்ள மச்சாள்,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் கடவுளை வேண்டுகிறேன். நான் இப்போது சுகம். இதைச் சும்மா எழுதவில்லை.

உங்கள் கடிதம் வந்து கிடந்தபோது அனோஜினி வேலைக்குப் போயிருந்தாள். வாசித்தேன். அடுப்பில் வைத்த சோறு கருகிப் போனது. அவள் வந்ததும் அவளிடம் கொடுத்தேன். வாசித்து முடித்துவிட்டு என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "அப்பாவுக்கு அப்ப முப்பத்தொண்டுதானே அம்மா? றொசானுக்கு வாற வருசம் முப்பத்தொண்டு."

அன்று கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். நரைத்து, பல்லும் இரண்டு போய். அவர் இப்போது படலையைத் திறந்துகொண்டு வந்தாலும், "யோகமலரின்ர தாயோ?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டு அழுதேன்.

கார்த்திகை அமாவாசைக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போனோம். நான், அனோஜினி, றொசான். ஐயர் திதி கேட்டார். தெரியாது என்றேன். "தெரியாட்டிலும் பரவாயில்லை அம்மா, அமாவாசை எல்லாருக்கும் பொது" என்று சொன்னார். அவ்வளவு இலேசாக ஒருவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அனோஜினிதான் பிண்டம் கரைத்தாள். தான் ஒருநாளும் பார்க்காத தகப்பனின் பெயரைப் பிழையில்லாமல் மூன்று முறை சொன்னாள். பூவும் நாங்கள்தான் போட்டோம். வீட்டுக்கு வந்து குளித்து, சமைத்து, மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

அழைப்பிதழில் காலஞ்சென்ற என்று போட்டாயிற்று. அந்த எழுத்தை அச்சில் பார்க்க நெஞ்சு இடிந்துவிடும் என்று நினைத்தேன். இடியவில்லை. பொட்டை அழிக்கமாட்டேன், அது இனி என் விருப்பம். மகளின் கலியாணத்துக்கு அரக்குச் சேலைதான் உடுக்கப் போகிறேன். கதைக்கிறவர்கள் கதைக்கட்டும். தாரை வார்த்துக் கொடுக்க நீங்களும் அண்ணையும் வந்து நிற்கவேண்டும். இதற்கு இல்லை என்று சொல்லக்கூடாது.

இன்னொன்று. இத்தனை வருடமாக எங்கள் கடிதங்களில் அவர் வருவார், வருவார் என்பதைத் தவிர அவரைப் பற்றி நாங்கள் ஒன்றுமே எழுதவில்லை, கவனித்தீர்களா? வரும்போது அவரே சொல்லட்டும் என்று வைத்திருந்தோமோ என்னவோ. அவரோடு நான் வாழ்ந்தது கொஞ்சக் காலம். அதற்கு முன்பு உங்களோடு வளர்ந்தவர். எனக்குத் தெரியாத கதை ஏதாவது எழுதுங்கள். அனோஜினியும் கேட்கிறாள். அழுகைக் கதை வேண்டாம்.

யோகமலர்


மொன்ட்ரியால்-நோர்,
6 ஜனவரி 2024

அன்பின் மச்சாளுக்கும் கலியாணப் பெண்ணுக்கும்,

எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. பயணச்சீட்டு எடுத்தாயிற்று. இவர் வேட்டி கட்டிப் பழகுகிறார். கண்ணாடிக்கு முன்னால் நின்று அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறார். இந்தக் கடிதம் எங்களுக்கு முந்தி வருமோ பிந்தி வருமோ தெரியாது. இருந்தாலும் இந்தக் கதை எழுத்தில் இருக்கட்டும்.

நீங்கள் கூப்பனுக்கு அரிசி, சீனி கொடுக்கும் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வீட்டில் உங்கள் பெயரையே ஒருவரும் கேள்விப்படாத காலம். அண்ணை ஒருநாள் பின்னேரம் தலையைப் படிய இழுத்து வாரிக்கொண்டு, ஐயாவின் சேட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு நெருப்புப்பெட்டி. அடுத்த நாளும் போனார். ஒரு நெருப்புப்பெட்டி. அதற்கடுத்த நாளும் அப்படியே. குசினித் தட்டில் வைக்க இடமில்லாமல் அம்மா அதுகளைப் பானைக்குள் போட்டு மூடத் தொடங்கினா.

ஒருநாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டா, "டேய் தேவதாசன், என்ன, வீட்டைக் கொளுத்தப் போறியோ?"

அண்ணை சைக்கிளைச் சாத்திவிட்டு, முகத்தை நல்ல பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்: "இல்லையம்மா. அங்க கூப்பன் இல்லாமல் தாறது இது மட்டும்தான். கூப்பன் இல்லையெண்டு சொன்னால் அந்தப் பிள்ளை சிரிக்கிறா."

பாலா